அகரத்தில் பாப்பாவுக்கு 'பேபி கிளாஸ்' எங்கே?

நகரத்து அம்மாக்கள் கைக்குழந்தையோடு 'மதர் - டாட்லர்' வகுப்புக்குப் போகும் ரீல்ஸைப் பார்த்தால், 'நம்ம ஊரில் இதெல்லாம் எங்கே இருக்கு?' என்று ஏக்கமாகத்தான் இருக்கும். தாடிக்கொம்பை அடுத்த அகரம் போன்ற பேரூராட்சிகளில் இருப்பவர்கள் இதற்காகத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. அதுதான் அங்கன்வாடி. பாட்டிகள் இன்றும் 'பால்வாடி' என்று சொல்லும் அதே இடம்.

சத்துமாவு மட்டுமல்ல...

1975 அக்டோபர் 2-ம் தேதி, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் அதிகமான மையங்கள் உள்ளன. 2 வயது நிறைந்த குழந்தைகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி பாட்டு, கதை, விளையாட்டு, கூடவே மதிய உணவும் முட்டையும். கட்டணம் கிடையாது, வருமானச் சான்றும் தேவையில்லை.

6 மாதத்திலிருந்து 2 வயது வரை சத்துமாவு தருகிறார்கள், எடை பார்க்கிறார்கள். பல வீடுகளில் பாக்கெட்டை வாங்கியதோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால், பிறந்த நாள் முதல் 3 வயது வரையான குழந்தைகளுக்காகவே 2024-ல் மத்திய அரசு 'நவசேத்னா' என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. 36 மாதங்களுக்கு, வயதுவாரியாக 140 விளையாட்டுகள் அதில் உண்டு. அடுத்த முறை போகும்போது, 'இந்த மாசம் பாப்பாவுக்கு என்ன விளையாட்டு காட்டலாம் டீச்சர்?' என்று கேளுங்கள்.

நாலு அம்மாக்கள் போதும்!

'கைக்குழந்தைக்கு என்ன கிளாஸ்?' என்று மாமியார் கேட்கலாம். பாதிப் பலன் அம்மாவுக்குத்தான். நாள் முழுக்க நான்கு சுவருக்குள் இருப்பவருக்குப் பேச்சுத்துணை பெரிய மருந்து. புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் அம்மாக்களில் நாலு பேர் நம்பர் வாங்கிக்கொண்டு, வாரம் ஒருநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினாலே அது பிளே குரூப்தான்.

* பாய், எவர்சில்வர் கிண்ணம், கரண்டி போதும். கடலை, பட்டன், நாணயம் எதுவும் கைக்கு எட்டக் கூடாது.

* தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது தினமும் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்கவைத்து விளையாட விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயதுக் குழந்தைக்கும்கூட செல்போன், டி.வி வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை.

* சளி, காய்ச்சல் என்றால் அந்த வாரம் லீவு.

இன்னொரு பயனும் உண்டு. 9 மாதமாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, பிடிமானமின்றி உட்காராத குழந்தையை, 'தானா சரியாகிடும்' என்று விடாமல் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். காது கேளாமை போன்றவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

பிளே ஸ்கூல் என்றால்...

வேலைக்குப் போகும் அம்மாக்கள் தனியார் பள்ளியை நாடினால், முதலில் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் வேண்டும், ஒரு நாளைக்கு 3 முதல் 4 மணி நேரம் போதும் என்பது தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். கேட், கழிப்பறை, குடிநீர் மூன்றையும் நேரில் பாருங்கள். 'இரண்டரை வயசுலேயே எழுத வைப்போம்' என்று பெருமையாகச் சொன்னால், அந்த இடத்தைத் தாராளமாகத் தவிர்க்கலாம்!