வாழையும் கணிப்பொறியும்

காவிரியின் வடகரையில் உள்ள தொட்டியம் வாழைக்குப் பெயர் பெற்ற ஊர். வாழைக்கு வாய்த்த பகைகளுள் கொடியது வாடல் நோய். மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சணம் வேரின் வழியே நுழைந்து, நீரேறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. இலைகள் மஞ்சளித்து ஒடிந்து தொங்க, மரம் மாய்கிறது. இரஸ்தாளி இந்நோய்க்கு எளிதில் இரையாகும். பூவனோ பெரும்பாலும் தாங்கி நிற்கும். மண்ணும் நீரும் ஒன்றாயிருக்க, விளைவு வேறாவது ஏன்?

மாணவ நண்பர்களே! இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால், இன்று பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பாடங்களாக விளங்கும் இரு துறைகளின் வாயிலை அடைவோம். ஒன்று உயிர்த்தகவலியல், மற்றொன்று அமைப்புசார் உயிரியல்.

உயிரணுவினுள் இருக்கும் டி.என்.ஏ., நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நெடிய ஏடு எனலாம். 2012-ஆம் ஆண்டில் காட்டு வாழை இனம் ஒன்றின் ஏட்டை அறிவியலார் படித்து வெளியிட்டனர். அதன் நீளம் ஏறத்தாழ 52 கோடி எழுத்துக்கள்; அதில் கண்ட மரபணுக்கள் 36,000-க்கும் மேற்பட்டவை. வினாடிக்கு ஓர் எழுத்தாக இரவு பகல் ஓயாது படித்தாலும் ஒருவருக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இத்தகைய ஏடுகளைச் சேமித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் கணிப்பொறியின் துணையால் கண்டறிவதே உயிர்த்தகவலியல்.

ஆயினும் எழுத்தைப் படித்த அளவில் பொருள் முழுதும் விளங்கிவிடாது. ஒரு மதகைத் திறந்தால் ஒரு வாய்க்காலில் நீர் பெருகும், மற்றொன்றில் குறையும், அதனால் கடைமடை வயலும் மாறும். மரபணுக்களும் அவ்வாறே ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் இயங்குகின்றன. பூஞ்சணம் வேரைத் தொட்டதும் எந்த மரபணு முதலில் விழிக்கிறது, அது எவற்றை எழுப்புகிறது என்று முழுமையையும் ஒருங்கே நோக்கிக் கணக்கிடுவது அமைப்புசார் உயிரியல்.

இத்துறைக்கு வழி உயிரியலில் இருந்துதான் என்று எண்ண வேண்டா. ஜி. என். இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளிப் புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும், சி. இராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும், புரதச் சங்கிலி எக்கோணங்களில் மடங்க இயலும், எவற்றில் இயலாது என்பதைக் கணக்கிட்டு வரைபடமாக்கினர். புதிய புரத வடிவம் ஒன்றைச் சரிபார்க்க, உலகெங்கும் இன்றும் அவ்வரைபடமே கைகொடுக்கிறது.

ஆகவே இளநிலை வகுப்பில் இருக்கும்போதே ஆயத்தமாதல் நன்று. உயிரியல் பயில்வோர் புள்ளியியலையும், கணிப்பொறி மொழி ஒன்றையும் கற்க வேண்டும். கணிதமும் இயற்பியலும் பயில்வோர் உயிரணுவையும் மரபியலையும் அறிதல் வேண்டும். 1982-இல் தொடங்கிய ஜென்பேங்க் போன்ற தகவற் களஞ்சியங்கள் யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியலுக்கெனத் தனித்துறை உண்டு. 1993-இல் தோன்றிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திருச்சிராப்பள்ளியிலேயே இருக்கிறது.

வாழையடி வாழையாக வாழ்க என்று வாழ்த்துவது நம் மரபு. ஆனால் கன்றுகளால் பெருகும் வாழை, தாயின் மறுபதிப்பே. தாயை வீழ்த்தும் நோய் கன்றையும் வீழ்த்தும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் குரோஸ் மிஷேல் என்னும் வகை இவ்வாறே வாடல் நோயால் அழிந்தது. அதனை அடுத்து வந்த கேவண்டிஷ் வகையையும் அந்நோயின் புதிய வடிவம் அச்சுறுத்துகிறது. காட்டு வாழையின் மரபணு ஒன்றைப் பெற்று அதனை எதிர்த்து நிற்கும் கேவண்டிஷ் வாழைக்கு 2024-இல் ஆஸ்திரேலியா ஒப்புதல் அளித்தது. நம் இரஸ்தாளிக்கும் ஒரு காவல் வேண்டாவோ?

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க. கணிப்பொறி தருவது கருதுகோள். தீர்ப்பு வழங்குவது மண். நோயுற்ற நிலத்தில் நட்ட கன்று குலை தள்ளி நின்றால்தான் கணக்குச் சரி. எண்ணையும் மண்ணையும் ஒருங்கே அறிந்த இளைஞர்களையே இத்துறை எதிர்நோக்கி இருக்கிறது.