கயிற்றுக்கு வந்த உயிர்!

சிலையை எதில் செய்வார்கள்? "கல், வெண்கலம், மரம், களிமண்" என்று டக்கென்று சொல்லிவிடுவீர்கள். வைக்கோல், கயிறு என்று யாராவது சொல்வீர்களா குட்டீஸ்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை பக்கத்தில் கூவாகம் என்று ஓர் ஊர். அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதம் 18 நாள் திருவிழா. கூத்தாண்டவர் வேறு யாருமில்லை, அர்ஜுனனின் மகன் அரவான்தான்! பாரதப் போரில் பாண்டவர் வெல்ல, தன்னையே பலி கொடுத்தவர். தேரோட்டத்தின்போது தேரிலேயே அவருக்கு உடம்பு கட்டுவார்கள். தலை மரத்தால் ஆனது. உடம்புக்கு வைக்கோல் பிரி! அதன்மேல் குவியல் குவியலாக மாலைகள். உறுப்புகள் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வந்து சேரும். பல ஊர்க் கைகள் கூடினால்தான் அரவான் முழுசாக நிற்பார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் திருநங்கைகள், அவரையே கணவராக எண்ணித் தாலி கட்டிக்கொள்கிறார்கள்.

வைக்கோலைப் பிரியாக முறுக்கி உடம்பு கட்டுவது கோயில் வழக்கம். கயிற்றை முடிச்சுப் போட்டு உடம்பு செய்து, உலக அருங்காட்சியகங்கள் வரை கொண்டுபோனார் ஒரு சிற்பி. அவர் பெயர் மிருணாளினி முகர்ஜி.

1949ல் மும்பையில் பிறந்தவர். அப்பா வினோத் பிஹாரி முகர்ஜி பெரிய ஓவியர். பார்வை போன பிறகும் கலையை விடாதவர். அம்மா லீலா சிற்பி. மிருணாளினி பரோடா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஓவியர் கே.ஜி.சுப்ரமணியன். "கைவினையும் கலைதான்' என்று நம்பியவர் அவர்.

சணல் கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, முடிச்சு மேல் முடிச்சாகப் போடுவார் மிருணாளினி. தறி கிடையாது. வீட்டில் உறி பின்னுவார்களே, அந்த மாதிரி விரல் வேலை. ஒரு சிலைக்குப் பல மாதங்கள் ஆகும். சில சிலைகள் இரண்டு மீட்டருக்கும் அதிக உயரம்!

அந்த உருவங்கள் எப்படி இருக்கும்? கல்வராயன் மலைக் காட்டில் ஒரு கிழட்டு மரத்தை உற்றுப் பாருங்கள். வேர் கால் மாதிரியும், கிளை கை மாதிரியும் தெரியும். அப்படித்தான்! செடியா, மனிதரா, ஆணா, பெண்ணா என்று சட்டென்று சொல்ல முடியாது. "யக்ஷி', "வனஸ்ரீ' என்றெல்லாம் பெயர் வைத்தார். நம் கோயில் சிலைகளும் மரத்தில் குடியிருக்கும் தேவதைகளும் அவர் மனதில் இருந்தார்கள்.

"கயிறு முடிவது கைவேலை, சிற்பமாகுமா?" என்ற கேள்வி அவரை விடவில்லை. அவரும் கயிற்றை விடவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முடிச்சுப் போட்டார். பிறகு பீங்கானிலும் வெண்கலத்திலும் செய்தார்.

2015 ஜனவரியில், டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி தொடங்கியது. அடுத்த சில நாட்களில் அவர் காலமானார். 2019ல் அதே கயிற்றுச் சிலைகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது.

வீட்டில் மிச்சமான சணல் கயிறு இருக்கிறதா? நாலு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். ஒரு முகம் எட்டிப் பார்த்தாலும் பார்க்கும்!