பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும்: தனியார் பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

கூட்டு வட்டியைக் கரும்பலகையில் தெளிவாக விளக்கும் ஆசிரியர், தமது ஊதியச் சீட்டில் பிடித்தம் செய்யப்படும் தொகை எங்கே சேர்கிறது என்று பார்க்காமலேயே பல ஆண்டுகள் பணியாற்றிவிடுவது உண்டு. நிதி மேலாண்மை என்றாலே பங்குச் சந்தை, பரஸ்பர நிதி, தங்கம் எனப் பேச்சு போய்விடுகிறது. தனியார் பள்ளி ஆசிரியருக்கோ முதற்கேள்வி வேறு. சட்டப்படி தமக்குச் சேர வேண்டிய பணம் முழுமையாகச் சேர்கிறதா என்பதே அது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பணிக்கொடை. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 1997 ஏப்ரல் 3-ஆம் தேதி அறிவிக்கை மூலம் பத்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கல்வி நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் சட்டத்தில் 'பணியாளர்' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்துக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு விசித்திரமானது. அதே பள்ளியின் எழுத்தருக்குப் பணிக்கொடை உண்டு, பாடம் நடத்துபவருக்கு இல்லை. இக்குறையை நீக்க நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே முன்தேதியிட்டு அமலாகும் என அறிவித்தது. இதனை எதிர்த்துத் தனியார் பள்ளி நிர்வாகங்கள் தொடுத்த வழக்குகளை 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, உரிய தொகையை வட்டியுடன் வழங்குமாறு உத்தரவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது.

கணக்கு கடினமானதல்ல. கடைசியாகப் பெற்ற மாத ஊதியத்தை, அதாவது அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்க வேண்டும். ரூ.26,000 ஊதியத்தில் 18 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு ரூ.2,70,000 வரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும். உச்சவரம்பு ரூ.20 லட்சம். தொகை 30 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும், தாமதித்தால் வட்டி சேரும். விலகும்போது "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்திடுவதற்கு முன், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு சிக்கலும் உண்டு. அடிப்படை ஊதியத்தைக் குறைத்து, மீதியைப் பல பெயர்களில் படிகளாகப் பிரித்துக் காட்டினால் பணிக்கொடையும் வைப்பு நிதியும் சேர்ந்தே சுருங்கும். இது குறித்து 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளுள் ஒன்று மேற்கு வங்கத்தின் ஒரு பள்ளியைப் பற்றியது. எல்லாருக்கும் பொதுவாக வழங்கப்படும் படியை அடிப்படை ஊதியத்துடன் சேர்த்தே வைப்பு நிதிப் பங்கைக் கணக்கிட வேண்டும் என அத்தீர்ப்பு கூறியது. புதிய சட்டத் தொகுப்பின்படி, விலக்கு பெறும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதி ஊதியமாகவே கருதப்படும்.

வைப்பு நிதியில் ஆசிரியர்கள் இழப்பது பெரும்பாலும் பள்ளி மாறும் வேளையில்தான். நிர்வாகம் செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், ரூ.15,000 ஊதிய வரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து ஆண்டு பணிக்காலம் தேவை. ஒவ்வொரு பள்ளியை விட்டு விலகும்போதும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த பணிக்காலமும் அத்துடன் போய்விடும். நான்கு பள்ளிகளில் மும்மூன்று ஆண்டுகள் பணியாற்றியவர், பன்னிரண்டு ஆண்டு உழைத்தும் ஓய்வூதியமின்றி நிற்க நேரிடலாம். பழைய கணக்கைப் புதிய பள்ளிக்கு மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு. யுஏஎன் எண்ணைக் கொண்டு இணையவழிப் பாஸ்புக்கில் மாதந்தோறும் பணம் வரவு வைக்கப்படுகிறதா எனவும் பார்க்கலாம். ஊதியத்தில் பிடித்த தொகை அங்கே காணப்படாவிட்டால், உடனே நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

சேரும் பணத்தைப் போலவே, வீணாகப் போகும் பணத்தையும் கவனிக்க வேண்டும். நிதியாண்டின் இறுதி மாதங்களில் ஆசிரியர் ஓய்வறைக்கு வரும் முகவர், பெரும்பாலும் தெரிந்தவர், சில வேளை முன்னாள் மாணவர். முகத்துக்காக எடுத்த பாலிசி இருபது ஆண்டுச் சுமையாகிவிடுகிறது. வரிச் சேமிப்பு என்ற காரணமும் இன்று பலருக்குப் பொருந்தாது. 2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பு முறையாகிவிட்டது. அதில் 80சி பிரிவின் ரூ.1.5 லட்சம் கழிவு கிடையாது. மறுபுறம், 2025-26 முதல் ரூ.12.75 லட்சம் வரையிலான ஊதிய வருமானத்துக்கு அம்முறையில் வருமான வரியும் இல்லை. ஏற்கெனவே கையெழுத்திட்டு விட்டவர்களுக்கும் வழியுண்டு. ஆயுள் காப்பீட்டு ஆவணம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் திருப்பி அளித்து, சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

பணி விலகல் கடிதங்கள் பெரும்பாலும் கல்வியாண்டின் இறுதியில் எழுதப்படுகின்றன. நிரந்தரப் பணியில் உள்ளவருக்குப் பணிக்கொடை பெற ஐந்து ஆண்டு தொடர் பணி தேவை என்பதால், ஜூனில் சேர்ந்து ஐந்தாம் ஆண்டின் ஏப்ரலில் விலக எண்ணுபவர், கடிதத்தில் தேதி இடும் முன் தமது நியமன ஆணையை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.