பெரிய மேடைக்கு வெளியே – 6: முகம் வேண்டாம், குரல் போதும்

சென்ற வாரம் டேனியல் டூமிலேயை 1994-ல், நியூயார்க்கில், கையில் ஒரு மாஸ்டர் டேப்போடு நிற்கவைத்துவிட்டு வந்தோம். இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக அதுவரையிலான கதை. லண்டனில் பிறந்து, லாங் ஐலண்டில் வளர்ந்தவர். அம்மாவின் ஊர் டிரினிடாட், அப்பாவின் ஊர் ஜிம்பாப்வே. 'ஸெவ் லவ் எக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு, தம்பி சப்ராக்குடன் சேர்ந்து கேஎம்டி என்ற ராப் குழுவை நடத்தியவர். 1989-ல் 'தேர்ட் பேஸ்' குழுவின் 'தி கேஸ் ஃபேஸ்' பாட்டில்தான் அவர் குரல் முதன்முதலாக ஊருக்குக் கேட்டது. 1991-ல் எலெக்ட்ரா நிறுவனம் கேஎம்டியின் முதல் ஆல்பமான 'மிஸ்டர் ஹூட்'டை வெளியிட்டது. 1993 ஏப்ரலில் லாங் ஐலண்டில் ஒரு விரைவுச் சாலையைக் கடக்கும்போது கார் மோதி சப்ராக் இறந்துபோனார். அவருக்கு வயது 19. இரண்டாவது ஆல்பத்தை அண்ணன் தனியாக உட்கார்ந்து முடித்தார். அதன் அட்டையில், கறுப்பர்களை இழிவுபடுத்துவதற்கென்றே வெள்ளையர்கள் உருவாக்கிய 'சாம்போ' உருவம் தூக்கில் தொங்குவதுபோல வரைந்திருந்தார். தூக்கில் ஏறியது அந்தக் கேலிச்சித்திரம்தான். நிறுவனத்துக்கு அது கலவரப் படமாகத் தெரிந்தது. ஆல்பம் நின்றது, குழுவும் வெளியே அனுப்பப்பட்டது.

ஒரே வருடத்துக்குள் தம்பி, குழு, ஆல்பம், பெயர் எல்லாம் போயின. வயது 22.

அடுத்து வந்த காலத்தில் வீடு என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் இல்லாமல் மன்ஹாட்டன் தெருக்களில் நடந்ததையும், பெஞ்சுகளில் படுத்ததையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ராப் உலகத்தில் அவரை யாரும் தேடவில்லை. அந்த உலகம் அப்போது வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 1990-களின் நடுவில் நியூயார்க் ராப்பில் பெரும் பணம் புழங்கியது. பளபளக்கும் உடுப்பு, ஹெலிகாப்டர், படகு, லட்சக்கணக்கான டாலரில் எடுத்த வீடியோக்கள். பாடகர் முகம் எம்டிவியில் எத்தனை முறை வருகிறது என்பதில்தான் ஆல்பத்தின் விதி இருந்தது. பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஆளைப் பார்த்துவிடுகிற நிலை.

அதே நகரத்தில், அதே வருடங்களில், இன்னொரு ராப் உலகமும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களின் வானொலி நிலையமான டபிள்யூகேசிஆரில், வியாழக்கிழமை இரவு ஒரு மணிக்கு மேல் ஒரு நிகழ்ச்சி. நடத்தியவர்கள் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா என்ற இரண்டு இளைஞர்கள். ஒப்பந்தம் ஏதும் கிடைக்காத பையன்கள் டெமோ கேசட்டோடு அங்கே வருவார்கள். விடியும்வரை மைக் சுற்றிவரும். ஊரே தூங்குகிற நேரம் என்பதால் யாரும் கட்டுப்படுத்தவில்லை. அந்த ஒலிபரப்பைக் கேசட்டில் பதிந்து, அதைப் பிரதியெடுத்து, பிரதியைப் பிரதியெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். நாஸ், நோட்டோரியஸ் பிஐஜி, ஜே-ஸி போன்றவர்கள் பெரிய பெயர் ஆவதற்கு முன்பே அந்த மைக்கில் பேசியவர்கள்.

பாபிட்டோ பிறகு 'ஃபாண்டில் எம்' என்று ஒரு சின்ன லேபிளைத் தொடங்கினார். வீடியோ இல்லை, விளம்பரப் பலகை இல்லை. 12 அங்குல வினைல் தட்டுகள் கொஞ்சம் அச்சடிப்பார், தெரிந்த ரெக்கார்டு கடைகளுக்கும் டிஜேக்களுக்கும் போகும். தீர்ந்தால் இன்னும் கொஞ்சம். 'அண்டர்கிரவுண்ட்' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். அதன் உள்ளே இருந்தது இந்த நடைமுறைதான்: சின்ன முதலீடு, சின்னக் கூட்டம், பாட்டில் இதை மாற்று அதை வெட்டு என்று சொல்ல யாரும் இல்லாத சுதந்திரம். டூமிலே மறுபடி எழுந்தது இந்த இடத்தில்தான். பெரிய நிறுவனத்துக்குப் போகிற வழியில் இளைப்பாறுகிற சத்திரமாக அவர் இதை ஒருபோதும் நினைக்கவில்லை. இங்கேயே வேலை செய்தார்.

1997 வாக்கில் மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில் உள்ள நூயோரிக்கன் பொயட்ஸ் கஃபேயில் ஒருவர் மேடையேறத் தொடங்கினார். புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த கவிஞர்கள் 1970-களில் உருவாக்கிய இடம் அது. யார் வேண்டுமானாலும் மேடையேறிப் படிக்கலாம், பாடலாம். இவர் தலையில் பெண்கள் அணியும் ஸ்டாக்கிங் துணியை இழுத்து மாட்டியிருந்தார். முகம் தெரியாது. குரல் மட்டும் வந்தது. 'தி கேஸ் ஃபேஸ்' வீடியோவில் சிரித்துக்கொண்டு ஆடிய ஸெவ் லவ் எக்ஸ்தான் இவர் என்று அங்கே எத்தனை பேர் கண்டுகொண்டிருப்பார்கள்? அந்தப் பழைய குரலில் துள்ளல் இருந்தது. இந்தக் குரல் கனத்துப்போய், தொண்டையின் அடியிலிருந்து வந்தது.

ஸ்டாக்கிங் துணி சீக்கிரமே உலோக முகமூடி ஆயிற்று. மார்வெல் காமிக்ஸ் படித்தவர்களுக்கு டாக்டர் டூம் தெரிந்திருக்கும். 1962-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையில் வந்த வில்லன். முகம் சிதைந்துபோனதால் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு, தன்னைக் கைவிட்ட உலகத்தைப் பழிவாங்கக் கிளம்புகிறவன். அண்ணனும் தம்பியும் சிறுவயதில் காமிக்ஸ் புத்தகங்களில் ஊறியவர்கள். டூமிலே என்ற குடும்பப் பெயரும் அந்த வில்லன் பெயரை ஒட்டியே இருந்தது. 'எம்எஃப் டூம்' பிறந்தார். எம்எஃப் என்றால் பாடும்போது 'மெட்டல் ஃபேஸ்', இசையமைக்கும்போது 'மெட்டல் ஃபிங்கர்ஸ்'. நண்பரும் கிராஃபிட்டி ஓவியருமான லார்ட் ஸ்காட்ச் முதல் ஆல்பத்தின் அட்டையை வரைந்தார். பிற்பாடு டூம் நிரந்தரமாக அணிந்தது 'கிளாடியேட்டர்' படத் தலைக்கவசத்தின் மாதிரியிலிருந்து எடுத்த முகத் தகடு.

முகமூடியை விளம்பர உத்தி என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. விளம்பரம் தேடுகிறவர் தன் முகத்தைத்தான் முதலில் விற்பார். டூமிலே ஒருமுறை தன் முகத்தையும் பெயரையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துப் பார்த்தவர். அவர்கள் இரண்டையும் பயன்படுத்திக்கொண்டு, வேண்டாத நாளில் தூக்கி எறிந்தார்கள். இந்த முறை கேட்கிறவருக்குக் கொடுப்பதற்கு அவர் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார். நான் எப்படி இருக்கிறேன் என்பது உங்களுக்கு எதற்கு, நான் சொல்வதைக் கேளுங்கள் என்பதைத்தான் பேட்டிகளில் வெவ்வேறு விதமாகச் சொல்லிவந்தார். பாட்டுக்குள்ளும் பல இடங்களில் 'நான்' என்று வருவதில்லை. 'வில்லன் வந்தான், வில்லன் போனான்' என்று தன்னையே படர்க்கையில் வைத்துப் பேசுவார். தன் துயரத்தைச் சொல்லக்கூட அவருக்கு ஒரு கதாபாத்திரம் தேவைப்பட்டது. அது என்னை உலுக்குகிறது.

'டெட் பென்ட்', 'கிரீன்பேக்ஸ்' என்று தனித்தட்டுகள் சில வந்தபின், 1999-ல் ஃபாண்டில் எம் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே'யை வெளியிட்டது. பதிவின் தரம் கரடுமுரடு. பெரிய ஸ்டூடியோவில் இந்த ஆல்பத்தை யாரும் வெளியே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் எதையெல்லாம் எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள். ஷாடேயின் மென்மையான காதல் பாட்டு, ஸ்டீலி டேன் குழுவின் 'பிளாக் கௌ', 'ஸ்கூபி டூ' கார்ட்டூனின் பின்னணி இசை. கடினமான ராப் என்றால் கடினமான டிரம்ஸ் என்று இருந்த காலத்தில், மாலை நேர வானொலியில் வரும் இழைவான பாட்டுகளை வெட்டி, சுழலவிட்டு, அதன்மேல் இந்தக் கரகரத்த குரல். 'டிக், டிக்' என்ற பாட்டில் பீட்டில்ஸின் ஒரு துண்டை எடுத்து, தாளத்தின் வேகத்தையே கூட்டிக் குறைத்துக்கொண்டே போகிறார். பாடுகிறவர் தடுமாறாமல் கூடவே ஏறி இறங்க வேண்டும். அவரும், துப்பாக்கிச் சூட்டில் நடக்கும் திறனை இழந்த நண்பர் எம்எஃப் கிரிம்மும் அதைச் செய்கிறார்கள்.

அதே ஆல்பத்தில் வெறும் ஒரு கேள்விக்குறியைத் தலைப்பாகக் கொண்ட பாட்டு இருக்கிறது. கடைசிப் பகுதியில் தம்பியிடம் பேசுகிறார். சப்ராக்கைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பாடிய இடங்கள் மிகக் குறைவு. அதனாலேயே இந்தச் சில வரிகளை அவசரமில்லாமல் கேட்க வேண்டும். முகமூடி போட்டவர் அழுவதில்லை, குரலைக்கூட உயர்த்துவதில்லை. இருவரும் சேர்ந்து இருந்த நாட்களை நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இவருடைய மொழித் திறமையை மேற்கோள் இல்லாமல் விளக்குவது கடினம், முயன்று பார்க்கிறேன். ஆங்கிலப் பாட்டில் வழக்கமாக ஒலி ஒத்துவருவது வரியின் முடிவில். நம் யாப்பில் இயைபு என்கிறோமே, அது. டூம் வரி முடிவோடு நிற்பதில்லை. மூன்று நான்கு அசை கொண்ட ஒரு தொடரை எடுத்து, அதே ஒலியமைப்பில் இன்னொரு தொடர், அதன் பின் இன்னொன்று என்று வரியின் நடுவிலும் தொடக்கத்திலும் கட்டிக்கொண்டே போவார். வாக்கியம் ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரியின் பாதியில் முடியும். எல்லோரும் எதிர்பார்க்கிற சொல் வரவேண்டிய இடத்தில் அதை விட்டுவிட்டு, வேறு சொல்லை வைப்பார். கேட்பவர் மனதில் விடுபட்ட சொல்லும் ஒலிக்கும், வந்த சொல்லும் ஒலிக்கும். கூடவே பழைய கார்ட்டூன், மல்யுத்தம், சாப்பாடு, தெருப்பேச்சு என்று எதையும் உள்ளே இழுப்பார். இத்தனைக்கும் குரலில் எந்தப் பரபரப்பும் இருக்காது, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்போல.

2003-ல் இரண்டு ஆல்பங்கள், இரண்டு வேறு பெயர்கள். காட்ஸில்லா படங்களில் வரும் மூன்று தலை அசுரனான கிங் கிடோராவின் பெயரை எடுத்து 'கிங் கீடோரா'. மனிதர்களை வெளியிலிருந்து பார்க்கிற பூதத்தின் பார்வை அதில். இன்னொன்று 'விக்டர் வான்'. இளவயதுக்காரன், வாய்த்துடுக்கானவன். ஒவ்வொரு பெயரையும் வேறு வேறு லேபிள் வெளியிட்டது. ஒரே நிறுவனத்தில் கையெழுத்திட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும் தவறை அவர் இரண்டாம் முறை செய்யவில்லை.

இனி லாஸ் ஏஞ்சல்ஸ். ஸ்டோன்ஸ் த்ரோ என்ற லேபிள் அங்கே மவுண்ட் வாஷிங்டன் குன்றின்மேல் ஒரு வீட்டில் இயங்கியது. வீட்டோடு, பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய பதுங்கு அறை ஒன்றும் இருந்தது. அதற்குள் உட்கார்ந்து நாள் முழுக்க இசைத்துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தவர் மேட்லிப். ஆக்ஸ்னார்ட் ஊர்க்காரர், இசைக் குடும்பம். யாரோடு வேலை செய்ய ஆசை என்று கேட்டபோது அவர் சொன்னவை இரண்டே பெயர்கள்: இசையமைப்பாளர் ஜே டில்லா, டூம். லேபிளிடம் பணம் பெரிதாக இல்லை. டூம் விமானத்தில் வந்து இறங்கினார், ஒப்பந்தம் ஒரு காகிதத் தட்டின்மேல் எழுதப்பட்டது என்று லேபிள்காரர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள்.

இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மேட்லிப் கீழே இசை செய்வார், டூம் மேலே உட்கார்ந்து எழுதுவார். 2002-ன் இறுதியில் மேட்லிப் பிரேசில் போனார். விடுதி அறையில் ஒரு சின்ன சாம்ப்ளர், கையடக்க டர்ன்டேபிள், ஒரு கேசட் பிளேயர் இவை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே வாங்கிய பழைய இசைத்தட்டுகளிலிருந்து, இருவரும் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்த ஆல்பத்தின் சில முக்கியமான இசைகளைச் செய்தார். 'ரெய்ட்' பாட்டில் பில் எவன்ஸின் பியானோவோடு பிரேசில்காரர் ஒஸ்மார் மிலிட்டோவின் இசையும் கலந்திருக்கும். அதே காலகட்டத்தில் முடியாத ஆல்பத்தின் பிரதி எப்படியோ வெளியே கசிந்து, இணையத்தில் எல்லோர் கைக்கும் போய்விட்டது. இருவரும் சலித்துப்போய் அதை அப்படியே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது டூம் தன் குரல் பகுதிகளை மறுபடி பதிவுசெய்தார். கசிந்த பிரதியையும் வெளியான ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். முதலில் இருந்த துடிப்பு அடங்கி, குரல் தாழ்ந்து, நிதானமாகிவிட்டது. கசிவு என்ற நஷ்டம் நடக்காமல் இருந்திருந்தால் நமக்கு அந்த நிதானக் குரல் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அந்த ஆல்பம் 'மேட்வில்லனி' என்ற பெயரில் 2004 மார்ச் 23-ல் வந்தது. 22 தடங்கள், முக்கால் மணி நேரம். பல்லவி என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய இல்லை. பல பாட்டுகள் இரண்டு நிமிடத்தில் முடிகின்றன. 'அக்கார்டியன்' பாட்டில் டேடலஸ் என்ற இசைக்கலைஞரின் ஒரு சின்ன இழை திரும்பத் திரும்ப வர, டூம் பாடி முடித்ததும் பாட்டும் முடிந்துவிடும். வானொலிக்கு ஏற்ற ஒன்றுகூட அதில் இல்லை. பில்போர்டு 200 பட்டியலில் அது தொட்ட அதிகபட்ச இடம் 179. அட்டையில் அந்த உலோக முகம், கறுப்பு வெள்ளையில். முகம் காட்டாதவரின் முகப்படம்தான் பின்னாளில் ஹிப்-ஹாப்பின் மிகப் பிரபலமான அட்டைகளில் ஒன்றாயிற்று.

அதே வருடம் நவம்பரில் மினியாபொலிஸின் ரைம்சேயர்ஸ் லேபிள் 'எம்எம்..ஃபுட்' ஆல்பத்தை வெளியிட்டது. எம்எஃப் டூம் என்ற பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வருகிற தலைப்பு அது. எல்லாப் பாட்டுகளும் சாப்பாட்டைச் சுற்றி, கூடவே கார்ட்டூன் படங்களிலிருந்து எடுத்த துண்டுகள். என்னிடம் கேட்டால் புதிதாகக் கேட்பவர்கள் இதில் தொடங்கிவிட்டு 'மேட்வில்லனி'க்குப் போவது நல்லது. வில்லனின் நகைச்சுவை முதலில் பிடிபட்டால், அடுத்ததன் இருட்டு பயமுறுத்தாது.

33 வயதில் அவருக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. தெருவில் நடந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது, பாட்டைக் கேட்கிறவர்கள் ஒரு சொல்லைக்கூட விடுவதில்லை. ஆனால் முகமூடி யார் தலையிலும் பொருந்தும் இல்லையா? 2007 வாக்கில் மேடையேறிய உலோக முகத்துக்குப் பின்னால் வேறு ஆள் நின்று வாயசைக்கிறான் என்று காசு கொடுத்து வந்த ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அதையும், 2010-ல் ஐரோப்பியப் பயணம் போனவரை அமெரிக்கா ஏன் திரும்ப உள்ளே விடவில்லை என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)