கடன் வசூலுக்கும் வரம்பு உண்டு

வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்துதல் கடன்பட்டோரின் கடமை. நாணயத்தை மூலதனமாகக் கொண்டு எழுந்த கூட்டுறவு இயக்கத்தில் இதுபற்றிக் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆயின், கொடுத்த கடனைக் கேட்கும் உரிமைக்கும் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது என்பதை அங்கத்தினர் பலர் அறியார்.

பாவு கிடைக்காமல் தறி நின்ற மாதத்திலும், மழை பொய்த்த பருவத்திலும் தவணை தவறுதல் உண்டு. அவ்வேளையில் வசூலுக்கு வருவோருள் சிலர், தெருவார் கேட்க ஏசுகின்றனர். தறியைத் தூக்கிச் செல்வோம் என்று மிரட்டுகின்றனர். மானத்துக்கு அஞ்சிய குடும்பம், அக்கடனை அடைக்க வேறிடத்தில் கூடுதல் வட்டிக்குக் கடன்படுகிறது. ஒரு கடன் இவ்வாறே மூன்று கடனாகின்றது. நேர்மையாக வாங்கிய கடனில் தவணை தவறியது மட்டுமே குற்றமாகாது என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல் முகவர் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதை, ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டு மாதச் சுற்றறிக்கையில் வரையறுத்தது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் பாக்கிக்காக அழைத்தல் கூடாது. மிரட்டுதல், பலரறிய அவமதித்தல், உறவினரையும் நண்பரையும் தொல்லைப்படுத்தல், பொய் கூறி அச்சுறுத்தல் ஆகியவை கூடா. முகவரின் குற்றத்துக்கு அவரை அனுப்பிய நிறுவனமே பொறுப்பு.

மகளிர் குழுக்களில் பெறும் நுண்கடனுக்கு விதி இன்னும் கடுமையானது. 2022 மார்ச்சு மாத நெறிமுறைப்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூல் கூடாது. இருதரப்பும் இசைந்த பொது இடத்திலேயே தவணை பெறுதல் வேண்டும். அடுத்தடுத்து இரு முறையேனும் கடன்பட்டவர் அங்கு வரத் தவறினாலன்றி, வீட்டுக்கோ வேலை செய்யுமிடத்துக்கோ செல்ல முகவருக்கு உரிமையில்லை. இக்கடன் ஈடின்றிக் கொடுக்கப்படுவது. ஆகவே தறியையோ மாட்டையோ ஈடாகக் கேட்கவும் இயலாது.

தனியாரிடம் பெறும் கடனுக்கோ, தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றை அது தடை செய்து, மீறுவோர்க்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது. கடன் வழங்கும் நிறுவனங்களின் வன்முறை வசூலைத் தடுக்க 2025இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டது.

பொருளை ஜப்தி செய்யும் அதிகாரம் வசூல்காரர் தாமே எடுத்துக்கொள்ளக் கூடியதன்று. நீதிமன்றத் தீர்ப்பு பெற்று வந்தாலும், 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சிலவற்றைக் காக்கின்றது: உடுக்கும் துணி, சமையற் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், குடியானவரின் பிழைப்புக்கு வேண்டிய ஏர்க்கருவி, உழவு மாடு, விதைத் தானியம். எழுதி அடமானம் வைத்த பொருள் மட்டும் வேறு.

இனிச் செய்யத்தக்கவை யாவை? வந்தவரிடம் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். ரசீதின்றி ஒரு ரூபாயும் கொடாதீர்கள். அவர் வந்த நாள், மணி, பேசிய சொல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். சாட்சிகளின் பெயரையும் எழுதுங்கள். பின்னர் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையீடு அனுப்புங்கள். 30 நாளில் விடை வாராவிடினும், விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் காலந்தாழ்த்தாது முறையிடலாம், கட்டணம் இல்லை. விவரம் அறிய 14448 என்ற தொலைபேசி எண் உண்டு. அடிதடியோ கொலை மிரட்டலோ நேரின், 30 நாள் காத்திராமல் உடனே காவல் நிலையம் செல்லுதல் வேண்டும். பெண்கள் தம் வருமானம் எதுவாயினும் சட்டப்பணிகள் குழுவில் இலவசச் சட்ட உதவி பெறலாம்.

இவையெல்லாம் கடனை மறுப்பதற்கான வழிகள் அல்ல. கட்ட இயலும் தொகையையும் நாளையும் எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்பவரின் பேச்சுக்கே எவ்விடத்தும் மதிப்புண்டு.

நம் சங்கங்களுக்கும் இந்நெறி பொருந்தும். நிலுவைக்காரர் மீது கூட்டுறவுச் சட்டத்தின்படி பூசல் மனு தாக்கல் செய்து தீர்ப்புப் பெறும் வழி சங்கங்களுக்கு இருக்கிறது. தெருவில் நின்று பெயர் கூவும் வழி இல்லை. நிர்வாகக் குழுவினர் இவ்விதிகளை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டி, அடுத்த பொதுக்குழுவில் படித்துக் காட்டுதல் நலம். அங்கத்தினர் ஒருவர் வாசலில் ஏச்சுக் கேட்கும் நாளில், சங்கத்தார் இருவர் சென்று அவரருகில் நிற்பார்களாயின், அந்தக் குடும்பம் அச்சத்தால் இன்னொரு கடனில் விழாமல் காக்கப்படும்.