ஒன்றே முக்காலை அரையால் வகுத்தல்: நடுநிலை வகுப்புக் கணிதம்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்று ஆண்டுகளில் பள்ளிக் கணிதத்தின் இயல்பே மாறிவிடுகிறது. அதுவரை பொருள்களை எண்ணவும் கூட்டிக் கழிக்கவும் உதவிய எண்கள் பின்னமாகவும் விகிதமாகவும் குறை எண்ணாகவும் உருமாறி, இறுதியில் எழுத்துகளுக்கு இடம்விட்டு இயற்கணிதத்துக்குள் நுழைகின்றன. கணிதம் தனக்கு வராது என்று ஒரு மாணவி முடிவுகட்டுவது பெரும்பாலும் இந்த ஆண்டுகளில்தான் என்பதால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் காட்டப்படும் அக்கறையில் ஒரு பகுதியேனும் இவ்வகுப்புகளுக்குக் கிடைக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில், தென்பெண்ணை வடிநிலத்தில் அமைந்த கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிகளில் இத்தேவை இன்னும் கூர்மையானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டிருந்தபோது, தருமபுரி மாவட்டம் ஏறத்தாழ 68.5 விழுக்காட்டுடன் மாநிலத்தின் கடைசி இடத்தில் இருந்தது. கேழ்வரகும் மாவும் தக்காளியும் விளையும் மானாவாரி நிலங்களை நம்பியும், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்றும் வாழும் குடும்பங்களில், பள்ளியில் புரியாததை வீட்டில் சொல்லித்தர ஆளிருப்பது அரிது. போதாக்குறைக்கு, 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-21இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். 2021 நவம்பர் 1 அன்று தொடக்க வகுப்புகள் திறக்கப்பட்டபோது அவர்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தார்கள். எண்ணையும் எழுத்தையும் முதன்முதலில் அறியவேண்டிய ஓர் ஆண்டு முழுவதையும் இழந்த இவர்களுக்குப் பின்னத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அதற்கு முன் வகுத்தலையும் கற்பிக்க நேர்வதில் வியப்பில்லை. ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆராயும் ஏசர் அறிக்கையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நாட்டளவில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 45.8 விழுக்காட்டினரே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கக்கூடியவர்கள்.

எனினும், இவ்வகுப்புகளில் நிகழும் பிழைகளைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது பெருந்தவறு. அவற்றில் பல, முன்பு கற்ற ஒரு விதியை அது செல்லாத இடத்துக்கும் நீட்டுவதால் விளைபவை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவன், மேலெண்ணாகிய தொகுதியையும் கீழெண்ணாகிய பகுதியையும் தனித்தனி முழு எண்களாகக் கருதி, முழு எண்களின் விதியைப் பிழையின்றிப் பின்பற்றியிருக்கிறான். 45 என்பது 5ஐ விடப் பெரிது என்பதால் 0.45 என்பது 0.5ஐ விடப் பெரிது என்று சொல்லும் மாணவியின் தர்க்கமும் அத்தகையதே. இங்கே சிவப்பு மையால் அடித்துவிட்டு மீச்சிறு பொது மடங்கு காணும் வழிமுறையை மறுபடியும் கரும்பலகையில் எழுதுவதால் பயன் சிறிதே. ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியதாயிற்றே, அரையோடு இன்னொரு பின்னத்தைச் சேர்த்தபின் கிடைப்பது எப்படி அரையைவிடக் குறையும் என்ற ஒரே கேள்வி, மாணவன் தன் விடையைத் தானே ஐயுறும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்துவிடும்.

பின்னத்தைப் பொறுத்தவரை தமிழ்ப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட எண்சுவடி முழு எண்களின் வாய்பாட்டோடு நின்றுவிடாமல், காலுக்கும் அரைக்கும் முக்காலுக்கும் மாவுக்கும் காணிக்கும் தனித்தனி வாய்பாடுகளைக் கொண்டிருந்தது. ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி என்று, நெல்லையும் பொன்னையும் நிலத்தையும் பங்கிடும் தொழில்களிலிருந்து கிளைத்த அளவுகள் அவை. அக்கல்வியின் மனனத்தைப் பொருளறியா ஒப்பிப்பு என்று பின்னாளில் இகழ்ந்தார்கள். தமிழகக் கணித வரலாற்றை ஆராய்ந்த செந்தில்பாபு அதை நினைவாற்றல் வழியாகக் கற்கும் ஒரு முறையாகவே எடுத்துக்காட்டுகிறார். அந்தப் பள்ளிகளின் வாசல் எல்லாச் சாதியாருக்கும் பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை ஆதலால் அவற்றை மீட்டெடுக்க வேண்டும் என்று எவரும் ஏங்கத் தேவையில்லை. ஆனால் அவற்றின் சொற்கள் இன்றும் வீடுகளில் வாழ்கின்றன. நூறு சென்ட் ஓர் ஏக்கர் என்று அறிந்த விவசாயியின் மகள், கால் ஏக்கர் இருபத்தைந்து சென்ட் என்பதையும் அதில் பாதி அரைக்கால் ஏக்கர், அதாவது பன்னிரண்டரை சென்ட் என்பதையும் பாடநூலைத் திறக்காமலே சொல்லக்கூடியவள். எட்டில் ஒன்று என்று எழுதப்படுவது அந்த அரைக்கால்தான் என்பதை மட்டும் அவளுக்கு யாரேனும் காட்டவேண்டும்.

பின்ன வகுத்தலைக் கற்பிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கணிதக் கல்வி ஆய்வாளர் லிபிங் மா 1999இல் வெளியிட்ட நூல் நல்ல சான்று. ஒன்றே முக்காலை அரையால் வகுத்து, அதற்குப் பொருந்தும் ஒரு வாழ்க்கைக் கணக்கையும் சொல்லுமாறு சீன, அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அவர் கேட்டார். சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியான விடையைக் கண்டனர், பெரும்பாலோர் பொருத்தமான கணக்கையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களிலோ விடையைச் சரியாகக் கண்டவர்களே பாதிக்கும் குறைவு, கணக்கு சொல்ல முயன்ற பலர் அரையால் வகுப்பதை இரண்டால் வகுப்பதோடு குழப்பிக்கொண்டனர். தருமபுரிப் பிள்ளைகளுக்கு இக்கணக்கைக் கேழ்வரகைக் கொண்டே சொல்லலாம். ஒன்றே முக்கால் படி கேழ்வரகை அரைப்படியால் அளந்தால் மூன்று முறை நிறைய வந்து, நான்காம் முறை பாதி நிறையும். ஆகவே விடை மூன்றரை. வகுத்தால் எண் குறையும் என்று ஐந்தாம் வகுப்புவரை நம்பிய பிள்ளை, அளக்கும் பாத்திரம் சிறியதாக ஆக முறைகளின் எண்ணிக்கை பெருகுவதைக் கண்ணால் கண்டபின், வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதியைக் கற்பது எளிது. இந்த வரிசை மாறி விதி முதலில் வந்துவிட்டால், எதைத் தலைகீழாக்குவது என்ற குழப்பம் பத்தாம் வகுப்பு வரை தொடர்கிறது.

சமக்குறியும் இவ்வாறே கவனிக்கப்படாமல் போகிறது. 8 + 4 = □ + 5 என்ற கணக்கைக் கொடுத்தால் கட்டத்துக்குள் 12 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் உண்டு; தொடக்க வகுப்புகள் முழுவதும் அக்குறிக்கு ‘விடையை எழுது’ என்ற ஒரே பொருள் இருந்ததே காரணம். இருபக்க மதிப்பும் ஒன்றே என்ற பொருள் ஊன்றாத மனத்தில் சமன்பாடு என்ற கருத்து நிற்க இடமில்லை. எழுத்துகள் நுழையும்போது வேறொரு சிக்கல் எழுகிறது: 3அ என்பதை மூன்று மாம்பழம் என்று விளக்கும் வழக்கம் அன்றைய பாடத்தை எளிதாக்கினாலும், எழுத்து பொருளுக்குப் பெயராக நிற்கிறது என்ற தவறான எண்ணத்தை விதைத்துவிடுகிறது. அது குறிப்பது ஓர் எண்ணை, மாம்பழத்தின் விலையையோ எடையையோ. தீக்குச்சிகளால் முக்கோணங்களை ஒட்டி ஒட்டி அடுக்கி, ஒன்றுக்கு மூன்று குச்சி, இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு ஏழு என்று எழுதிவந்து, நூறு முக்கோணத்துக்கு எத்தனை என்று கேட்டால், அடுக்கிப் பார்க்க இயலாத அந்த நிலையே ‘முக்கோணங்களின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்றைக் கூட்டு’ என்ற பொதுக்கூற்றைப் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவழைக்கும். அதைச் சுருக்கி எழுதும் தேவை எழும்போது எழுத்து தானாக வந்து சேர்கிறது.

இத்தகைய கற்பித்தலுக்குத் தமிழகத்தில் முன்னோடிகள் உண்டு. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன், கையில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு கணிதத்தைக் கண்டறியச் செய்யும் முறைகளை வாழ்நாள் முழுவதும் பரப்பி, இராயபுரத்தில் கணித மேதை இராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார். 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டி, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். இராமானுஜம் தலைமையிலான குழு அளித்த ஆவணம், கணக்கிடும் திறனைக் குறுகிய நோக்கமாகவும், கணித வழியில் சிந்திக்கும் ஆற்றலை உயர்ந்த நோக்கமாகவும் பிரித்துக் காட்டி, அச்சமும் தோல்வியுமே பள்ளிக் கணிதத்தின் முதல் நோய் என்றது. தமிழ்நாட்டு நடுநிலை வகுப்புகளில் கொண்டுவரப்பட்ட படைப்பாற்றல் கல்வி அந்த அச்சத்தைப் போக்க முயன்றதுதான். ஆயினும் பாடத்தைப் படித்து மன வரைபடம் வரையும் அதன் படிநிலைகள் வரலாற்றுப் பாடத்துக்குப் பொருந்திய அளவு பின்னத்துக்கும் சமன்பாட்டுக்கும் பொருந்தவில்லை.

எஞ்சி நிற்பது ஆசிரியரின் சுமை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஓர் ஆசிரியர் இருந்தாலே போதும். ஆகவே விலங்கியலோ வேதியியலோ பயின்ற ஒருவர் சிறிய ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மூன்று வகுப்புகளின் கணிதத்தையும் தாங்கவேண்டி வருகிறது. எட்டாம் வகுப்பினருக்கான தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் வென்றால் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும் என்பதால், ஏழைக் குடும்பங்களின் நம்பிக்கையும் அவர் தோளில்தான் ஏறுகிறது. அவருக்குத் தேவைப்படுவது மற்றொரு பதிவேடோ மற்றொரு செயலியோ ஆகாது. பக்கத்துப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களோடு மாதம் ஒருமுறை அமர்ந்து, மாணவர்களின் நோட்டுகளில் உள்ள பிழைகளை விரித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எந்த விதி தவறான இடத்துக்கு நீண்டிருக்கிறது என்று பேசுவதற்கு ஓர் அரைநாள் வேண்டும். அருகமைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களின் நாள்காட்டியில் அதற்கு இடம் ஒதுக்கப் புதிய அரசாணை எதுவும் தேவைப்படாது.