பாரமில்லாத சப்பாத்து

போன ஓகஸ்ட் மாதம், தலவில புனித அன்னம்மாள் திருவிழாக் காலத்தில், என் மகளுக்கு உதைபந்தாட்டச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். கருவாடு காயப்போட்டு உழைத்த எட்டு நாள் கூலி அது. வீட்டில் உழைக்கிறவள் நான் ஒருத்திதான். ஆனாலும் பாடசாலை அணியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டார்கள் என்றதும் மனம் கேட்கவில்லை. 1990இல், பத்து வயதில், வடக்கிலிருந்து இந்தக் கரைக்கு வந்தபோது என் காலில் செருப்புக்கூட இருக்கவில்லை.

கையில் எடுத்தால் பாரமே தெரியாத சப்பாத்து. “அம்மா, ஓடேக்கை வெறுங்கால் மாதிரி இருக்கு” என்று மகள் துள்ளினாள். ஆறாவது கிழமை அதன் முன்பக்கம் வாயைப் பிளந்தது. நான் பிள்ளையைத்தான் ஏசினேன். “காசின்ர அருமை தெரியாமல் உதைச்சுக் கிழிச்சுப்போட்டாய்” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பயிற்சிக்கும் போகவில்லை.

சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். “பிள்ளையில பிழை இல்லைத் தங்கச்சி. இதில ஒரு தையலும் இல்லை. எல்லாம் பசை” என்றார்.

முந்திய காலச் சப்பாத்துகள் தடித்த தோலால் செய்யப்பட்டவை, பாரமானவை. 1954 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஹங்கேரியை வென்ற ஜேர்மன் அணி, பாரம் குறைந்த புதுவிதச் சப்பாத்து அணிந்திருந்தது. அன்றிலிருந்து பாரத்தைக் குறைப்பதில் போட்டிதான். 2010இல் அடிடாஸ் நிறுவனம் 165 கிராம் சப்பாத்தை விற்றது. 2015இல் 99 கிராமிலும் ஒன்று செய்தது. பாரம் குறைக்கத் தோலை விட்டு மெல்லிய செயற்கைத் துணி வந்தது, அடித்தட்டு மெலிந்தது. பெரிய வீரர்களுக்குப் பழுதானால் நிறுவனமே புதுச் சோடி கொடுக்கும். எங்களுக்கு யார் கொடுப்பார்?

தரையும் ஒரு காரணம். அந்தச் சப்பாத்தின் குமிழ்கள் புல்லுத் தரையில் புதைவதற்குச் செய்யப்பட்டவை. எங்கள் பிள்ளைகள் விளையாடும் இடமோ மிதிபட்டு இறுகிய தரை. குமிழ் புதையாதபோது, ஒவ்வொரு அடியிலும் அடித்தட்டு வளைந்து பசையை இழுக்கிறது. பிளந்த இடத்தில் மணல் புகுந்து அராவுகிறது. நனைந்த சப்பாத்தை நான் வெயிலில் போட்டதும் பிழைதான். சூட்டில் பசை இளகும்.

சகோதரிகளே, நான் காசு கொடுத்துப் படித்ததைச் சொல்கிறேன்.

வாங்கும்போது முன்பக்கத்தை மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும். விளிம்பில் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். நுனியைச் சுற்றித் தையல் உள்ளது நல்லது. இறுகிய தரைக்குச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ள சப்பாத்தே ஏற்றது. கடைக்காரர்கள் அதை ‘ரி.எஃப்.’ என்பார்கள். கொஞ்சம் பாரம் கூடினாலும் பரவாயில்லை.

விளையாடி முடிந்ததும் நாடாவை அவிழ்த்துத்தான் கழற்ற வேண்டும். குதிக்காலை மற்றக் காலால் மிதித்து இழுக்கக் கூடாது. மணலைத் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் உலர விடுங்கள். அடுப்பருகே வைக்காதீர்கள்.

சிறிது பிளந்தவுடனேயே ஒட்டிவிடுங்கள். மணல் போகத் துடைத்து, நன்றாக உலர்த்தி, இரண்டு பக்கமும் பசை பூசி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்தி, இறுகக் கட்டி ஒரு நாள் வையுங்கள்.

ஐயா அப்படித்தான் ஒட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து மகளிடம், “நான் ஏசினது பிழை பிள்ளை” என்றேன். அவள் சப்பாத்தை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பின்னேரம் பயிற்சிக்குப் போனாள். அடுத்த சோடிக்கு இப்போதே உண்டியலில் சில்லறை போடுகிறோம். இம்முறை கடையில் மடக்கிப் பார்க்கப் போவது அவள்தான்.